பீர் பாட்டிலில் எழுந்த புத்தர் கோயில்

தாய்லாந்து போகிறவர்கள் பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் இந்த முறை வடகிழக்கே போகும் ரயிலைப் பிடித்து, 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சீசகேட் போய் இறங்கினேன். அங்கிருந்து தெற்கே கம்போடிய எல்லைப் பக்கமாகப் போனால் குன் ஹான். வழி முழுக்க வயல். நான் போனது ஒரே ஒரு கோயிலுக்காகத்தான்: வாட் பா மகா செடி கேவ், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட காலி பாட்டில்களை வைத்துக் கட்டிய கோயில்.

1984-ல் பிட்சுகள் பாட்டில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். விஷயம் பரவியதும் அக்கம்பக்கத்து மக்களும் உள்ளூர் அதிகாரிகளும் அனுப்பிக்கொண்டே இருக்க, இரண்டு வருஷத்தில் பிரதான மண்டபம் எழுந்துவிட்டது. பாட்டில் வரவு நிற்கவில்லை, அதனால் கட்டுவதும் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, தகன மேடை என்று எல்லாமே பாட்டிலில்தான். பச்சை என்றால் ஹைனெகன், பழுப்பு என்றால் உள்ளூர் சாங் பீர். பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலத்தில் ஐந்தாவதே மதுவைத் தொடாதே என்பதுதான். அப்படி விலக்கச் சொன்ன பொருளின் மிச்சத்தை வீதியில் கிடக்க விடாமல் எடுத்துவந்து அதிலேயே வழிபடும் இடத்தை எழுப்பியிருக்கிறார்களே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். பாட்டில்களைப் படுக்க வைத்து, வட்டமான அடிப்பாகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சிமெண்ட் கலவையில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பாரம் தாங்குவது பாட்டில் இல்லை, உள்ளே இருக்கும் கான்கிரீட்தான். ஆனால் சுண்ணாம்போ பெயிண்டோ வேண்டாம், நிறம் மங்காது, துடைத்தால் போதும், வெளிச்சமும் வருகிறது. புத்தர் உருவங்களைக்கூட பாட்டில் மூடிகளை ஒட்டியே செய்திருக்கிறார்கள். ஒரு மூடியில் துரு ஏறியிருந்தது, பக்கத்து மூடியில் பீர் கம்பெனி முத்திரை அப்படியே பளிச்சென்று இருந்தது.

இவ்வளவு சிமெண்ட் போட்டுவிட்டு இதைப் பசுமைக் கட்டடம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சிமெண்ட் தயாரிப்பில் வெளிவரும் கரியமில வாயு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கண்ணாடியை மறுசுழற்சி செய்வதென்றால் உடைத்து, சுமார் 1500 டிகிரியில் உருக்கியாக வேண்டும். இங்கே கழுவிக் காயவைத்தால் வேலை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரீபியன் தீவான குராசாவில் கடற்கரையெல்லாம் காலி பாட்டில் சிதறிக் கிடப்பதையும் ஏழைகள் சரியான வீடில்லாமல் இருப்பதையும் பார்த்த ஹைனெகன் பீர் கம்பெனிக்காரர் ஆல்ஃப்ரெட் ஹைனெகன், ஜான் ஹப்ராகன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, காலியானதும் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டக்கூடிய சதுர பாட்டில் ஒன்றை 1963-ல் தயாரித்தார். அது கடைக்கே வரவில்லை. அதே கம்பெனியின் சாதாரண உருண்டை பாட்டில், யாரும் அதற்கென்று வடிவமைக்காமலே, இந்தக் கிராமத்தில் சுவராகி நிற்கிறது.

போக நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் நடந்த சண்டையில் சீசகேட் மாகாணமும் அடிபட்டது. அங்கே நிலவரம் எப்படி என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.