நெல் கணக்கு நோட்டில் மார்ஃபின் கணக்கு

"மார்ஃபினா? அது அபின்ல இருந்து எடுக்குறதுல்ல?" என்று கேட்டார் அப்பா. புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. படுத்தால் வலி என்று ராத்திரி முழுக்கத் திண்ணைத் தூணில் சாய்ந்தே கிடப்பார். டிரமடால் என்ற வலி மாத்திரையை மூன்று வேளை போட்டும் வலி பத்துக்கு எட்டு என்பார். அப்படியும் டாக்டர் எழுதிய மார்ஃபின் சீட்டு மூன்று வாரம் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. "அதெல்லாம் கடைசியில குடுக்குறது" என்று சித்தப்பா சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் சீட்டை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் நான்கு மெடிக்கல் ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. அதன் கெடுபிடியில் இந்த மாத்திரை பல ஊர்களில் காணாமலே போயிற்று. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைத்துக் கொடுக்க வழி செய்தார்கள். தஞ்சாவூரில் வலி நிவாரணப் பிரிவுக்குப் போகச் சொன்னபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

அங்கே முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்தின் மிச்சம் வெளியேறாமல் உடம்பில் சேர்ந்துவிடுமாம். அப்பாவுக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். அதனால் 10 மி.கி. மாத்திரையில் பாதிதான்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் முழுசு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்று. வலி வந்த பிறகு போடுவதில்லை, மணியடித்தால் போடுவது. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு பாதி, அதையும் எழுதி வைக்க வேண்டும். கூடவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது என்றார் நர்ஸம்மா. அப்பாவின் பயத்துக்கும் டாக்டர் பதில் வைத்திருந்தார்: "வலிக்குச் சாப்பிடுறது வேற, போதைக்குத் தேடுறது வேற. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, படிப்படியாத்தான் குறைக்கணும்."

இரண்டு வாரத்துக்கு மாத்திரை, பதிவேட்டில் கையெழுத்து. வீட்டில் சின்னப் பையன் இருப்பதால் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினோம். சாவி அம்மாவின் இடுப்பில். நோட்டு வாங்கவில்லை, நெல் கணக்கு நோட்டின் பின்பக்கம் போதுமாக இருந்தது. நான்காம் நாள் அப்பா படுத்துத் தூங்கினார். அம்மா இரண்டு தடவை எழுந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

குறுவை அறுப்பு நடந்தபோது ஒரு நாள் வீட்டில் அத்தை மட்டும் துணைக்கு இருந்தாள். அண்ணன் புரண்டு புரண்டு படுக்கிறாரே என்று, தான் போடும் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிட்டாள். நான் வந்தபோது அப்பா கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். பிரிவுக்குப் போன் போட்டேன். "பதறாதீங்க, ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க" என்றார்கள். பதினொன்று. அடுத்த வேளை கொடுக்காதே, தலையை உயர்த்தி வை, பேச்சுக் கொடு, மூச்சு எட்டுக்குக் கீழே போனாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108 என்றார்கள். கையில் செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை எண்ணினேன். காலையில் காப்பி கேட்டார். அத்தையை யாரும் திட்டவில்லை. இரண்டு மாத்திரையையும் சேர்க்கக் கூடாது என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் அவளிடம் சொல்லவில்லை.

தை பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி மாதம் வலி இரண்டு, மூன்று என்றுதான் நோட்டில் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸம்மா ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினார். இருபத்து மூன்று முழுசு, ஒரு பாதி.