ஏற்கெனவே இருந்தது

"போல்ட்டைக் கழட்டும்போது விழுந்த கீறலா தம்பி, இல்ல ஏற்கெனவே இருந்ததா?" என்று விமானத்தின் சொந்தக்காரர் கேட்டார்.

"ஏற்கெனவே இருந்தது சார்" என்றேன்.

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேகம்தான் இன்னும் உறுத்துகிறது. தெரிந்து சொல்பவன்கூட அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டான்.

பைப்பர் பிஏ-28 ரகச் சிறு விமானங்களில் வேலை பார்த்தவர்களுக்கு, இறக்கை போல்ட்டைக் கழற்றித் துளையில் விரிசல் தேடும் இந்தச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில் ஒரு பயிற்சிப் பள்ளியின் இதே ரக விமானத்தின் இடது இறக்கை வானிலேயே கழன்றது. இருந்த இருவரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் உத்தரமான ஸ்பாரின் கீழ்ப்பகுதியில், போல்ட் துளையிலிருந்து கிளம்பிய உலோகச் சோர்வு விரிசல். இத்தனைக்கும் அது 2007இல் தயாரான விமானம். ஓடியது ஏறக்குறைய 7,690 மணி நேரம். 'பழைய விமானம்' என்று நாம் வருடத்தை வைத்துச் சொல்கிறோம். ஸ்பாருக்கு வருடம் தெரியாது, எத்தனை முறை தரையில் மோதி இறங்கியது என்பதுதான் தெரியும்.

அதனால்தான் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏவின் ஆணை வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. வாடகைக்கும் பயிற்சிக்கும் பறக்கும் விமானங்களுக்குத்தான் 100 மணி நேரத்துக்கு ஒரு பொதுச் சோதனை கட்டாயம். ஆகவே லாக்புக்கில் அந்தச் சோதனைகளை எண்ணி நூறால் பெருக்க வேண்டும். மீதி மணி நேரத்தை 17ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 5,000 வந்தால் போல்ட்டைக் கழற்றி, துளையில் மின்னோட்டத்தை வைத்து விரிசல் தேடும் எடி கரண்ட் சோதனை.

என்னிடம் கேட்டவருடைய விமானம் 7,250 மணி நேரம் ஓடியது. கையில் இருந்த லாக்புக்குகளில் முப்பது சோதனைகள். 3,000, மீதி 4,250க்கு 250; மொத்தம் 3,250. "தேவையே இல்லையே தம்பி" என்றார். கணக்குப்படி சரிதான். ஆனால் நடுவில் நான்கு வருட லாக்புக் காணோம். அவர் வாங்கும் முன்பே தொலைந்திருக்கிறது. முன்பின் பக்கங்களைப் பார்த்தால் அந்த நான்கு வருடத்தில் மட்டும் 1,900 மணி நேரம். சொந்தத்துக்கு வைத்திருப்பவர் யாரும் அப்படிப் பறக்க மாட்டார். அதைப் பயிற்சி நேரமாக எடுத்துக்கொண்டால் கணக்கு 5,000ஐத் தாண்டிவிடுகிறது. பதிவு முழுமையாக இல்லாவிட்டால் சோதனை செய்தாக வேண்டும் என்று ஆணையும் சொல்கிறது. கழற்றலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் வலது இறக்கையின் இரண்டாவது போல்ட்டில்தான்.

இறக்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சுமையைத் தாங்கியிருந்தோம். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்பினோம். இறக்கைக்கு இரண்டாக நான்கு போல்ட். முதல் மூன்றும் வெண்ணெய் போல வந்தன. நான்காவது பாதியில் நின்றது. அடியில் கொடுத்த முட்டுக்கட்டையை ஒரு நூல் உயர்த்தினேன், இறக்கினேன். அப்புறம் நைலான் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டினேன். வந்தது. ஆனால் கடைசி அரை அங்குலத்தில் விரல் நுனிக்கு ஒரு நறநறப்பு தெரிந்தது. சத்தம் இல்லை, விரலுக்கு மட்டும்தான். பழைய சீலண்ட்டாக இருக்கலாம், துருவாக இருக்கலாம். பக்கத்தில் நின்ற பையனிடம் "துடைச்சு வை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

எடி கரண்ட் பார்ப்பவர் அந்தத் துளையில் மட்டும் கருவியின் சோதனை முனையை மூன்று முறை விட்டு எடுத்தார். திரையில் கோடு ஒரே இடத்தில் குத்தி எழுந்தது. "விரிசலா?" என்று கேட்டேன். "அலுமினியத்துல மின்னோட்டம் தடைபடுதுன்னுதான் இது காட்டும். எதனாலன்னு காட்டாது. நான் இதை ரிஜெக்ட்தான் எழுதுவேன்" என்றார். எழுதினார். ஸ்பாரை மாற்றியாக வேண்டும்.

அதன் பிறகுதான் சொந்தக்காரர் கேட்டது, நான் சொன்னது.

எனக்கு நானே நிறைய சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். முறைப்படிதான் கழற்றினேன். கணக்கு தெரியாத 1,900 மணி நேரம் அந்த ஸ்பார் எப்படி உழைத்ததோ யார் கண்டது? விரிசலாக இருந்திருந்தால் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். கீறல் என்றாலும் சும்மா விடக்கூடாது, கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும். இந்த ஆணையைப் பற்றிப் பலரும் சொன்ன குறையே இதுதானே: சோதிப்பதற்காகக் கழற்றுவதே துளையைக் கெடுத்துவிடலாம் என்று. அப்படியானால் அது ஆணையின் குறை, என் கையின் குறை இல்லை. இப்படி நினைக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது இதை எதையும் இல்லையே. "தெரியவில்லை சார், கழற்றும்போது கொஞ்சம் பிடித்தது" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் செலவு யார் தலையில் என்ற பேச்சு வந்திருக்கும். அதற்கு நான் பயந்தேன். அப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிந்து சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. அதுவும் உண்மைதான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு போல்ட்டும் எப்படி வந்தது என்று வேலைத்தாளில் எழுதச் சொல்கிறேன். பிடித்தால் பிடித்தது என்று எழுத வேண்டும். பையன்கள் இது எதற்கு என்று கேட்கிறார்கள். எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

புது ஸ்பார் வந்து, இறக்கை ஏறி, அவர் ஒரு சுற்று பறந்து இறங்கிய அன்று இறக்கை அடியில் கையை வைத்து, "நீங்க பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். நான் தலையாட்டினேன்.

பழைய ஸ்பார் இன்னும் ஹேங்கரின் பின்பக்க ரேக்கில் கிடக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி சிவப்பு மார்க்கரில் வட்டம் போட்டது நான்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி உலோகச் சோதனைக்கு அனுப்பினால் விரிசலா கீறலா என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு முறை ரேக்கிலிருந்து இறக்கினேன். இரண்டு முறையும் திரும்ப ஏற்றி வைத்துவிட்டேன்.