வீட்டிலேயே பீர்: முதலில் சுத்தம்

வீட்டில் பீர் காய்ச்ச ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) என்றுதான். நான் சொல்வேன், முதலில் பாத்திரங்களுக்கான சானிடைசர் வாங்குங்கள். கொதித்து இறக்கிய மால்ட் கரைசலைத் தொடும் வாளி, குழாய், கரண்டி எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. (உங்கள் ஊர் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.)

முதல் தடவைக்கு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டின் சர்க்கரையை எடுத்துக் கெட்டியாக்கிய பாகு அல்லது பொடி) போதும். தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து சர்க்கரை எடுக்கிற வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்ட்ராக்ட்டைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சீக்கிரம் ஆறவைத்து, 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டை (சர்க்கரையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) தூவுங்கள். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

மறுநாள் வாளி மூடியில் உள்ள ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) 'பொளக் பொளக்' என்று குமிழி வரும் பாருங்கள்! மேலே பழுப்பு நுரை திரண்டு நிற்கும், அறையெல்லாம் மாவு புளித்த வாசனை. குடிப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் பார்த்தாலும் ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை குறையக் குறைய அளவும் இறங்கும்) ஒரே அளவைக் காட்ட வேண்டும். மிச்சமிருக்கும் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் புளித்தால் அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கும்.