புகுந்த ஊர்

ஹாங்காங்கின் ஃபான்லிங் ரயில் நிலையத்தில் 54கே மினிபஸ் ஏறினால் சிறிது நேரத்தில் எங்கள் கிராமம் வந்துவிடும். ஆனால் வண்டி தானாக நிற்காது. இறங்கும் இடம் நெருங்கும்போது "யௌ லோக்!" என்று ஓட்டுநர் காதில் விழும்படி குரல் கொடுக்க வேண்டும். இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்துவார். 2018-இல் அந்தக் கிராமத்துக்குக் குடிபோன முதல் மாதம், அந்த இரண்டு சொற்கள் என் தொண்டையைத் தாண்டி வரவே இல்லை. வேறு யாராவது குரல் கொடுக்கும் இடத்தில் நானும் இறங்கி, மீதித் தூரத்தைக் காய்கறிப் பையோடு நடப்பேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி அதே வண்டியில் பின்னிருக்கையில் இருந்திருக்கிறார். நான் முன்னதாகவே எழுந்ததைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் நிறுத்தம் வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. என் முழங்கையை இடித்தார். வண்டி நிறுத்தத்தைத் தாண்டும் நேரத்தில் நான் கத்திய கத்தலில் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். ஓட்டுநர் கை உயர்ந்தது. நான் ஹாங்காங்கில் குடியேறிய நாள் எது என்று யாராவது கேட்டால் விமானம் தரையிறங்கிய தேதியைச் சொல்வதில்லை. இந்த நாளைத்தான் சொல்கிறேன்.

விமானம் இறங்கியது 2016-இல். என் கணவருக்குக் கௌலூனில் வேலை. வாடகை கட்டுப்படியாக வேண்டுமென்று வடக்கே தள்ளித் தள்ளி வந்து, ஃபான்லிங் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வீடு பிடித்தோம். இன்னும் இரண்டு நிலையம் போனால் லோ வூ, அதற்கு அப்பால் சீனப் பெருநிலத்து நகரம் ஷென்சென். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. இரண்டு ஆண்டுகள் நான் அந்த ஊரை மேலிருந்து மட்டுமே பார்த்தேன். கோபுரம் கோபுரமாகக் குடியிருப்புகள், அவற்றின் காலடியில் பேரங்காடிகள், நடைபாலங்கள். 1970-களின் இறுதியில் அரசு திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய புறநகர். இங்கே எல்லோரும் நேற்று வந்தவர்கள்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் கொஞ்சம் பெரிய வீடு தேடினோம். மசாலா வாசனையைக் காரணம் காட்டி இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக அமைந்தது லுங் யூக் தவ் கிராமத்தில் ஒரு வீட்டின் மாடி. லுங் யூக் தவ் என்றால் டிராகன் துள்ளிய மலைமுகடு. மூன்று தளம், தளத்துக்கு 700 சதுர அடி, மொத்த உயரம் 27 அடி. கிராமங்களில் பார்க்கும் புதிய வீடுகள் பெரும்பாலும் இந்த அளவிலேயே இருக்கின்றன. அது ஒரு சட்டத்தின் அளவு என்பது பிறகுதான் தெரிந்தது. 1898-இல் பிரிட்டன் இந்த வடபகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தபோது இங்கிருந்த கிராமத்தாரின் ஆண்வழி வந்த ஆண் வாரிசு ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை இப்படியொரு வீடு கட்டிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று 1972-இல் விதி வந்தது. புதுநகரம் கட்ட நிலம் வேண்டும், நிலமோ கிராமத்தாரிடம் இருந்தது. அந்த விதி பிறந்த சூழல் அது.

அப்படித்தான் எனக்கு ஊரின் அடிப்பக்கம் தெரியத் தொடங்கியது. ஹாங்காங்கின் வடபகுதியில் தாங், ஹவ், பாங், லியூ, மான் என்று ஐந்து பெருங்குலங்கள் உண்டு. லுங் யூக் தவ் தாங் குலத்தாருடையது. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஃபான்லிங் வாய் என்ற கிராமம் பாங் குலத்தாருடையது. அடுத்த நிலையமான ஷியுங் சுய் பக்கம் லியூ குலம். நான் மாடியிலிருந்து பார்த்த கோபுரங்கள் இந்த ஊர்களின் வயல்வெளிகளில் எழுந்தவை. சாலைகள் கிராமங்களைச் சுற்றி வளைந்து போவது ஏன் என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. மூதாதையர் மண்டபத்தையும் ஊர்க்குளத்தையும் ஊருக்குப் பின்னால் காவலாக நிற்கும் மரக்கூட்டத்தையும் நகரம் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

மதில் சூழ்ந்த கிராமத்துக்கு இங்கே "வாய்" என்று பெயர். லுங் யூக் தவில் ஐந்து வாய்களும் மதிலில்லாத ஆறு ஊர்களும் உண்டு. மூத்தது லோ வாய். உள்ளே நுழைய ஒரே ஒரு குறுகிய வாயில். நுழைந்தால் வரிசை வரிசையாக வீடுகள், ஒரு கிணறு. மா வாட் வாயின் வாசலில் வளையங்களைக் கோத்துச் செய்த பழைய இரும்புக் கதவு இன்னும் இருக்கிறது. 1744-இல் கட்டப்பட்ட சான் வாயின் நான்கு மூலையிலும் காவல் கோபுரங்கள். கொள்ளையருக்கும் பக்கத்துக் குலத்தாருக்கும் அஞ்சி எழுப்பிய மதில்கள் இவை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது தாங் சுங் லிங் மூதாதையர் மண்டபம். 1525-இல் கட்டியது. வாசலின் இருபுறமும் மேடைகள் பார்த்ததும் திண்ணை என்றே நினைத்தேன். விழாக்காலத்தில் மேளக்காரர்கள் உட்காரும் இடமாம். மூன்று கூடங்கள், நடுவில் இரண்டு முற்றங்கள். சிவகங்கைப் பக்கத்துப் பழைய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த முற்றத்து வெளிச்சம் புதிதில்லை. கடைசிக் கூடத்தில் முன்னோரின் பெயர் பொறித்த மரப்பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் டிராகன் செதுக்கிய பலகைகள் முன்பு சீனத்தை ஆண்ட சோங் அரச குலத்துப் பெண் ஒருத்திக்கும் அவள் கணவனுக்கும் உரியவை. வடக்கே ஜின் படையெடுப்பு நடந்தபோது தப்பித் தெற்கே வந்த இளவரசியைத் தாங் குலத்தவர் ஒருவர் காப்பாற்றித் தன் மகனுக்கு மணம் முடித்ததாகவும், அவளுடைய மூத்த மகனின் வழியில் வந்தவர்களே லுங் யூக் தவ் மக்கள் என்றும் அவர்களின் வம்சாவளி சொல்கிறது. குலத்தார் அனைவரும் விழுந்து வணங்கும் அந்த இடத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிவந்த ஒருத்தியும் இருக்கிறாள்.

பாட்டியை நான் "போ போ" என்று அழைப்பேன். கான்டனீஸில் பாட்டி என்று பொருள். அவர் பிறந்தது ஃபான்லிங் வாயில், பாங் குலத்தில். இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். ஒரே குலப்பெயர் உடையவர்கள் பங்காளிகள், பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. ஆகவே தாங் கிராமத்தின் மருமகள்கள் ஒவ்வொருவரும் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள்தான். போ போ 1960-இல் பத்தொன்பது வயதில் இங்கே வந்தார். அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்னும் கணவரின் உறவுகளைப் பற்றிப் பேசும்போது "அவர்கள் ஊரில் இப்படித்தான்" என்பார். பாங் குலத்தார் முதல் சந்திர மாதத்தில் நடத்தும் திருவிழாவுக்குப் போய்வந்தால் மட்டும் முகத்தில் ஒரு சிறுமிக் களை இருக்கும். பிறந்த வீட்டுக் குளத்தையும் அதன் முன்னால் கிடக்கும் பழைய பீரங்கிகளையும் என்னைக் கூட்டிப் போய்க் காட்டியபோது, தம்பியோடு எந்தப் பீரங்கியின் மேல் உட்கார்ந்து விளையாடினார் என்பதையும் சொன்னார்.

திருமணமான அடுத்த ஆண்டே போ போவின் கணவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் நெல் விவசாயம் சோறு போடவில்லை. சீனத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் காய்கறி பயிரிட வயல்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கிராமத்து ஆண்கள் பிரிட்டனின் சீன உணவகங்களில் பாத்திரம் கழுவக் கப்பல் ஏறினார்கள். வட ஹாங்காங்கின் பல கிராமங்களில் இதுதான் கதை. போ போ மாமியாரோடும் கைக்குழந்தையோடும் ஊரில் இருந்தார். கணவர் அனுப்பிய பணத்தில் எழுந்ததுதான் நாங்கள் குடியிருந்த வீடு. மகனும் பிறகு அங்கேயே போய்த் தங்கிவிட்டான். தன் பங்கு நிலத்தில் கட்டிய வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வாடகை கொடுத்துக்கொண்டு சாம்பார் வைக்கும் என்று மாமனார் நினைத்திருப்பாரா என்று போ போ சிரிப்பார். என் அப்பாயி, மலேயா போன தாத்தாவின் கடிதத்துக்காக ஊர்க்கோடியில் தபால்காரரைக் காத்திருந்த கதையை எனக்குத் தெரிந்த கொஞ்சம் கான்டனீஸில் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். ஆனால் தபால்காரர் என்ற சொல் வந்ததும் போ போ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சமைக்கவும் வாங்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். லுன் வோ சந்தை 1951-இல் சுற்றுவட்டாரக் கிராமத்தார் பங்கு போட்டுத் தொடங்கியது. இப்போது புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. அங்கே எடைக்கு "கட்டி" என்ற அளவு, ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். முதல் நாள் முளைக்கீரையைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. பீர்க்கங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, தடியங்காய் எல்லாம் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் குளிரூட்டிய பேரங்காடியில் பிளாஸ்டிக் பொட்டலங்களை வாங்கிக்கொண்டிருந்தேனே என்று வருந்தினேன். மகள் பிறந்ததும் இனிப்புக் காடியில் இஞ்சியும் முட்டையும் போட்டுக் காய்ச்சிய ஒரு பானையைப் போ போ கொண்டுவந்தார். வழக்கமாகப் பன்றிக்கால் சேர்ப்பார்கள், எனக்காக விட்டுவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம் பிரசவ மருந்து மாதிரிதான், சாப்பிடு" என்றார். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள்.

மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, 2019-இன் சீனப் புத்தாண்டு மாதத்தில், மண்டபத்தில் விளக்கேற்றும் சடங்கு நடந்தது. முந்தைய ஆண்டு பிறந்த ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் ஒரு விளக்குக் கூண்டு தொங்கவிடுகிறார்கள். அதோடு அந்தக் குழந்தை குலத்தில் சேர்ந்துவிடுகிறது. அழகான காட்சி. பெண் குழந்தைகளுக்கு எது என்று கேட்டேன். போ போ தலையை அசைத்தார். அவருடைய பேத்திக்கும் விளக்கு இல்லை, பேரனுக்கு உண்டு. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது தணியவில்லை. கிராமத்து நிலத்தைப் பெண்களும் வாரிசாகப் பெறலாம் என்று 1994-இல் சட்டம் மாறியது. ஆனால் வீடு கட்டும் உரிமை இன்றும் ஆண்வழிக்கே. அது அரசமைப்புக்கு உட்பட்டதுதான் என்று 2021-இல் இறுதி முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. அந்த ஊரை நான் நேசிக்கிறேன். அதனாலேயே இதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் குலதெய்வத்துக்கு வரி கட்டுவோர் பட்டியலிலும் என் பெயர் கிடையாது, அண்ணன் பெயர்தான். அது அநியாயம் என்று எனக்கு முதன்முதலாக உறைத்தது இங்கே நின்றபோதுதான்.

கொரோனா ஆண்டுகளில் கிராமமே எங்கள் உலகம். மாலையில் மகளைத் தூக்கிக்கொண்டு வாய் வாயாக நடப்போம். சற்றுத் தொலைவில் குயின்ஸ் ஹில் என்ற இடம். கூர்க்கா படைவீரர்களின் முகாம் இருந்த அந்த மேட்டில் இப்போது பெரிய அரசுக் குடியிருப்பு எழுந்திருக்கிறது. படைவீரர்கள் வழிபட்ட சிறிய இந்துக் கோயிலை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்பே இந்த மண்ணில் யாரோ "ஓம்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல ஒரு நல்ல செய்தியாக இருந்தது.

2023 டிசம்பரில் லுங் யூக் தவில் தாய் பிங் சிங் ஜியு நடந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா. மூங்கிலால் கட்டிய பெரிய கொட்டகை, கான்டனீஸ் நாடகம், கடைசியில் எரிப்பதற்காகக் காகிதத்தில் செய்த பேயரசன். விழா நாட்களில் ஊரே இறைச்சியை விட்டுவிட்டது. காப்புக் கட்டிய ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். எங்கெங்கோ குடியேறியவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். போ போவின் மகனும் வந்திருந்தான்.

ஊர் மக்களின் பெயர்களை எல்லாம் எழுதிய நீளமான தாளை ஒட்டியிருந்தார்கள். போ போ பள்ளிக்கு அதிகம் போனவர் இல்லை. ஆனாலும் விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். கணவரின் பெயருக்குப் பக்கத்தில் "பாங் குலத்தாள்" என்று மட்டும் இருந்தது. சொந்தப் பெயர் இல்லை. "இது நான்" என்றார் என் மகளிடம்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. "நான் எங்கே?" என்று கான்டனீஸில் கேட்டாள்.

போ போ தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதில் இல்லை" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "அடுத்தது 2033. உனக்குப் பதினைந்து. எனக்குத் தொண்ணூற்றிரண்டு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

"தெரியவில்லை, போ போ."

"சரி" என்று என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூத்து தொடங்கப் போகிறது. முன்வரிசை நாற்காலி போய்விடும், நட."