லொட லொட பிரேக்கும் பாட்டில் வாஷரும்

கோவை பக்கம் மாங்கரை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் ஆனைகட்டி வரைக்கும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். யானை நடமாடுகிற பாதை. மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் அதுவே பெரிய முன்னறிவிப்பு. அந்த இடத்தில் போய் என் சைக்கிள், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி லொட லொடவென்று வந்தால் எப்படி? மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்தேன். நாலாவது வாரம் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

சத்தம் ஹேண்டில்பார் பக்கம் என்று தெரிந்தது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், வலது லிவர். உடனே லிவரை ஹேண்டில்பாரோடு கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்டை இறுக்கினேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். லேத் பட்டறையில் இருபது வருஷமாக இருப்பவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது வெறும் எம்5 போல்ட், மரை அலுமினியத்தில். இன்னும் அரைச் சுற்று போயிருந்தால் மரை உரிந்திருக்கும். அப்புறம் தளர்த்திவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 6 நியூட்டன் மீட்டர் வைத்து நிறுத்தினேன். உங்கள் பிரேக்கின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. லிவரைக் கையால் பலமாகத் திருப்பினால் அது பாரில் லேசாகத் திரும்புகிற அளவு இறுக்கம் போதும். கீழே விழுந்தால் ஒடியாமல் சுற்றிக்கொள்ளும்.

சரி, கிளாம்ப் இல்லை என்றால் வேறு எது? ஓட்டும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தால் சத்தம் நின்றது. அதனால் லிவர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சக்கரத்துப் பக்கம் பிரேக் பேட்டைத் தாங்குகிற காலிப்பருக்குள் அந்தப் பேட் ஆடிக்கொண்டிருந்தாலும், பிரேக்கைப் பிடித்தவுடன் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். நான் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, லிவரைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடிக்கிற மாதிரி லிவர் மாட்டியிருக்கிற கூடான ஹவுசிங்கோடு சேர்த்து மாட்டினேன். பிரேக் பிடிக்கவில்லை; பேட், சக்கரத்தோடு சுற்றுகிற தட்டான ரோட்டரைத் தொடவே இல்லை. முன் சக்கரத்தை அரை அடி தூக்கிக் கீழே போட்டேன். சத்தமே இல்லை. ரப்பரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். லொட். பிடிபட்டது.

லிவர் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். லிவர் சுழல்கிற அச்சான பிவட் பின் இருக்கிற இடத்தில், லிவருக்கும் ஹவுசிங்கின் காதுக்கும் நடுவில் இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன்: 0.4 மில்லி. உள்ளே பின் உட்காருகிற குட்டிக் குழல், அந்த பிளாஸ்டிக் புஷ், தேய்ந்துவிட்டது. பித்தளையில் புதுசாகக் கடைந்து போடலாம்தான். ஆனால் இந்த அரை மில்லிகூட இல்லாத சமாசாரத்துக்கு லேத்தை ஓட்டினால் முதலாளி சிரிப்பார்.

பின்னைப் பிடித்திருப்பது ஒரு குட்டி ஈ-கிளிப், ஆங்கில E எழுத்து வடிவத்தில் இருக்கும். அதைக் கழற்றும்போது கையையும் லிவரையும் ஒரு பாலித்தீன் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் விடவில்லை. கிளிப் பறந்து லேத் அடியில் இரும்புச் சீவலுக்குள் போய்விட்டது. அதை எங்கே தேட? பேரிங் கடையில் வேறு வாங்கினேன். பின்னை உருவினால் லிவர் தனியாக வந்துவிடும், ஆயில் பக்கம் எதையும் திறக்க வேண்டியதில்லை. என் பிரேக்கில், ஆயிலைத் தள்ளுகிற கம்பியான புஷ் ராடு லிவரின் முதுகில் சும்மா சாய்ந்துதான் இருக்கிறது. அதை மட்டும் நோண்டாமல் விட்டுவிட்டேன்.

அந்த இடைவெளியை அடைக்க மெல்லிசாக ஒரு வாஷர் போதும். அதற்கு முதலில் பால் கவரை வெட்டிப் பார்த்தேன். ரொம்ப மெல்லிசு, மாட்டும்போதே கிழிந்தது. அப்புறம் குளிர்பான பாட்டிலின் பக்கச் சுவர். மைக்ரோமீட்டரில் 0.28 காட்டியது. ஓட்டை வட்டமாக விழ வேண்டுமே, கத்திரிக்கோலுக்கு அது வராது. பட்டறை முக்கில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிற பிளையர் இருக்கிறது. துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன கண்ணு, கம்மலா?" என்றார். "இல்லீங்கய்யா, சைக்கிள் பிரேக்குக்குங்க." நாலு போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரண்டு கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்று கெட்டது.

பின்னில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, மேல் பக்கம் வாஷரை வைத்து மாட்டினேன். டாட் (DOT) வகை பிரேக் ஆயில் ஓடுகிற பிரேக் என்றால் சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் சீல் ஊதிவிடும். ஸ்பிரே எதையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது பறந்து ரோட்டரில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. மாட்டி முடித்ததும் லிவர் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வாஷர் தடிமனாக இருந்தால் லிவர் பாதியிலேயே மாட்டிக்கொள்ளும், அது லொட லொடவை விட ஆபத்து.

போன ஞாயிறு போனேன். மாங்கரை தாண்டி இரண்டாவது வளைவில் இடது பக்கம் மூங்கில் ஒன்று படாரென்று முறிந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து செக்போஸ்ட்டில் நின்றேன். ஆனைகட்டி பஸ் வந்ததும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன்.