கொல்லையில் ஒரு புகைக்கூண்டு

பிப்ரவரி 7
மீனைப் புகையில் வாட்டக் கொல்லையில் கூண்டு கட்டும் வேலை ஆரம்பம். கொத்தனார் வந்ததும் அக்னி மூலை எது என்று பார்த்தார், நான் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எங்கே என்று பார்த்தேன், நல்லவேளை இரண்டும் ஒத்துப்போயின. அடுப்பு தனி, மீன் தொங்கும் அறை தனி, நடுவே குழாய். மீனுக்கு அடியிலேயே தீ மூட்டினால் அது சுட்ட மீன். எனக்கு வேண்டியது புகை.

பிப்ரவரி 10
அடுப்பின் உள்பக்கம் முழுக்க ஃபயர் பிரிக், அதாவது கடும் சூடு தாங்கும் செங்கல், 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 கனம். சூடு தாங்கும் களிமண்ணான ஃபயர்கிளேயைத் தோசைமாவு பதத்தில் கரைத்து, கல்லை அதில் முக்கி, தட்டி உட்கார வைக்கிறோம். இடுக்கு ஒரு நூலுக்கு மேல் போகக் கூடாது. கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு கரண்டி சிமென்ட் சேர்த்துக்கிறேன் சார், அப்பத்தான் பிடிக்கும்." சிமென்ட் 400 டிகிரிக்கு மேல் சூடானால் உள்ளிருக்கும் சுண்ணாம்பு நீரை இழந்துவிடும், ஆறியபின் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்பும், அப்புறம் கலவை பொலபொலவென்று உதிரும். வெளிச்சுவர் சாதாரணச் செங்கல்தான், அங்கே சிமென்ட் அவர் இஷ்டம். இரண்டுக்கும் நடுவே அரை அங்குலம் விட்டோம், உள்கல் சூட்டில் விரிய இடம் வேண்டாமா?

பிப்ரவரி 14
ஆறங்குல இரும்புக் குழாய், அறைப்பக்கம் சற்று மேடாக. கடையில் ஜி.ஐ. பைப்பைத்தான் முதலில் காட்டினார்கள். துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் புகையும், சாப்பாட்டுப் பக்கம் அது ஆகாது.

பிப்ரவரி 27
காயவிட்டிருந்தேன். இன்று சுள்ளி போட்டுச் சின்னத் தீ. எடுத்த எடுப்பில் பெரிதாக எரித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கல்லையே பிளந்துவிடும்.

மார்ச் 3
ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்துக்கா பஞ்சம்! டெக்சாஸில் கறி வாட்ட எரிக்கிற மெஸ்கீட் இதற்குப் பங்காளி முறைதான். தெருவில் போன பெரியவர், கரிமூட்டம் போடுகிறவர், புகைபோக்கியைப் பார்த்து நின்றுவிட்டார். "வெள்ளையா வந்தா தண்ணி தம்பி. நீலமா, மெலிசா வரணும்." மூட்டத்தில் கரி வெந்ததற்கு அதுதான் அடையாளமாம். பட்டையை உரித்து, நன்றாகக் காய்ந்த துண்டுகளை மட்டும் போட்டு, காற்று வழியை முழுக்கத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து, அதற்குப் பின்னால் இருந்த தென்னங்கீற்று தெளிவாகத் தெரிந்தது.

மார்ச் 8
சூரை மீன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன், ஈரத்தோடு போட்டால் புகை சரியாகப் பிடிக்காது. அறைக்குள் 80 டிகிரி. தோல் செம்பு நிறமானது, உள்ளே இதழ் இதழாகப் பிரிந்தது. கொத்தனார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, கதவு இடுக்கில் புகை கசிவதைக் காட்டினார். நாளை அதைச் சரி பண்ண வருகிறார், சிமென்ட் இல்லாமல்.