ஓல்னி: கண் திறந்த பிறகும் தெரியாமல் போனவை

ஓல்னிக்கு ரயில் கிடையாது. லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறி, மில்டன் கீன்ஸில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பக்கிங்ஹாம்ஷயரின் வடகோடியில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். நடுவில் சந்தைத் திடல், சுற்றிலும் பழைய கல் வீடுகள், ஆற்றுப் பக்கமாக நடந்தால் உயரமான கோபுரத்தோடு ஓர் ஆலயம். ஒரு காலத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு லேஸ் பின்னிப் பிழைத்த ஊர் இது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பெண்கள் வாணலியும் கையுமாகத் தெருவில் ஓடும் பான்கேக் பந்தயமும் இங்கே பிரபலம்.

நான் போனது ஜான் நியூட்டனுக்காக. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1764 முதல் 1780 வரை இந்த ஊரில்தான் ஊழியம் செய்தார். கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் நான் இயேசுவை ஏற்றுக்கொண்ட ராத்திரியில் பாடப்பட்ட பாட்டு அது. குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்ற யோவான் 9ஆம் அதிகாரத்து வசனத்தைத்தான் அவர் பாட்டில் வைத்திருக்கிறார். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிற எவருக்கும் அந்த வசனம் வாயில் வந்துவிடும். அதை எழுதியவர் எப்படிக் குருடராக இருந்தார், எப்போது கண்டார் என்பதை அவர் வாழ்ந்த இடத்தில் வைத்து யோசிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கதையின் முதல் பாதி பலருக்கும் தெரிந்ததுதான். 1725இல் லண்டனில் பிறந்தார். அப்பா கப்பல் கேப்டன். வேத வசனங்களை மனப்பாடம் செய்ய வைத்த அம்மா, மகனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் காசநோயில் இறந்துபோனார். அப்புறம் கடல் வாழ்க்கை. வலுக்கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டார், தப்பி ஓடினார், பிடிபட்டுச் சவுக்கடி வாங்கினார். தேவனைத் தூஷிப்பதில் மாலுமிகளே முகம் சுளிக்கிற அளவுக்குப் பேர் வாங்கினார்.

1748 மார்ச்சில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, வட அட்லாண்டிக்கில் நள்ளிரவில் புயல் அடித்தது. கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் புகுந்தது. ஏற்றியிருந்த சரக்கு தேன்மெழுகும் மரமும். தண்ணீரைவிட எடை குறைந்த அந்தச் சரக்குதான் கப்பல் மூழ்காமல் தாங்கியது. மணிக்கணக்காக பம்ப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்த நியூட்டன், இதற்கும் மிஞ்சினால் கர்த்தர்தான் இரங்க வேண்டும் என்று கேப்டனிடம் யதார்த்தமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த பெயர் அவருக்கே உறைத்தது. நான்கு வாரம் கழித்துக் கப்பல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது. அந்த மார்ச் 21ஐ அவர் சாகும்வரை ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்ந்து ஜெபித்தார்.

பேதுரு பவுல் ஆலயத்தின் கோபுரம் 185 அடி உயரம். ஊருக்குள் எங்கே நின்றாலும் தெரிகிறது. உள்ளே அவர் பிரசங்கித்த மரப் பீடத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் வந்த பிறகு கூட்டம் தாங்காமல் கேலரி கட்ட வேண்டியிருந்ததாம். 1773 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டுப் பிரசங்கத்துக்கென்று எழுதியதுதான் அந்தப் பாட்டு. நாம் இப்போது பாடுகிற ராகம் 1835இல் அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. அந்தப் புத்தாண்டு அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட வேதபாகம் 1 நாளாகமம் 17. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து, நீர் என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு நான் எம்மாத்திரம், என் வீடும் எம்மாத்திரம் என்று கேட்கிற இடம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது எவ்வளவு பழக்கமான வார்த்தை! ஆலயத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. அந்த அதிகாரத்தை வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன்.

கதையின் இரண்டாம் பாதிதான் சபைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை. புயலுக்கு முன்பே அடிமை வியாபாரத்தில் இருந்த நியூட்டன், அதற்குப் பிறகும் அதை விடவில்லை. மனந்திரும்பிய பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்குப் பக்தி நிறைந்த கடிதங்கள் எழுதினார். ஆராதனை நடந்த தளத்துக்குக் கீழே, ஐந்தடி உயரம்கூட இல்லாத இடத்தில், ஆப்பிரிக்க மனிதர்கள் இரண்டிரண்டு பேராக விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் மாதிரி நெருக்கி அடுக்கப்பட்டிருந்தார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகித்துச் சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகு கருவியில் மாட்டியதும் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

என்னால் தாண்டிப் போக முடியாத சம்பவம் இதற்கும் முந்தையது. சியெரா லியோன் கரைக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில், இருபது வயதில், ஓர் அடிமை வியாபாரியிடம் அவர் வேலைக்காரராக இருந்தார். காய்ச்சலில் கிடந்த நாட்களில் சோறு தண்ணீர் கிடைக்கவில்லை. ராத்திரியில் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அப்போது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள், தங்களுக்குக் கிடைத்த கொஞ்சச் சாப்பாட்டில் பங்கு எடுத்து, யாருக்கும் தெரியாமல் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதையும் அவரேதான் எழுதிவைத்தார். அந்தக் கையால் சாப்பிட்டவர், பிறகு அதே கரைக்குக் கேப்டனாகப் போய் அதே ஜனங்களை விலைக்கு வாங்கினார். வேதம் வாசித்துக்கொண்டே வாங்கினார்.

1754இல் அந்தத் தொழிலை அவர் விட்டதற்குக் காரணம்கூட மனசாட்சி இல்லை. அடுத்த பயணத்துக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் வலிப்பு மாதிரி ஒன்று வந்து விழுந்தார். மருத்துவர் போகக் கூடாது என்றார். அந்தத் தொழில் தப்பு என்ற எண்ணமே அப்போது தனக்கு வந்ததில்லை என்று அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் 1748இல் நடந்தது பொய்யா? பொய் இல்லை என்றே நான் நம்புகிறேன். மாற்கு 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒருவன் வருகிறான். இயேசு அவன் மேல் கைவைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான். அவர் மறுபடியும் அவன் கண்களின் மேல் கைவைத்த பிறகுதான் அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பகுதியைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். ஒரே தொடுதலில் முடியாத சுகம் பிரசங்கிகளுக்குச் சங்கடமோ என்னவோ. எனக்கு அது நியூட்டனின் வாழ்க்கையாகவே தெரிகிறது. அவர் இருட்டிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டது உண்மை. கீழ்த்தளத்தில் கிடந்த மனிதர்கள் அவர் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரியாததும் உண்மை. அடுத்த முறை கர்த்தர் கைவைக்க வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அது வரைக்கும் எத்தனை உயிர் போயிற்று என்பதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும்தான், சபையும் சொல்ல வேண்டும்தான்.

சந்தைத் திடலில் இருக்கும் சிவப்புச் செங்கல் வீடு இப்போது மியூசியம். வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் குடியிருந்த வீடு. நியூட்டனின் உற்ற நண்பர். கூப்பரின் தோட்டத்துக்கும் நியூட்டன் குடியிருந்த போதகர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பழத்தோட்டம். அதன் வழியாக இரண்டு பேரும் போய்வர, தோட்டக்காரருக்கு வருடத்துக்கு ஒரு கினி கட்டணம் கொடுத்தார்களாம். கூப்பருக்குக் கடுமையான மனநோய். நியூட்டன் அந்தப் புத்தாண்டுப் பிரசங்கம் செய்த சில நாட்களுக்குள் அவர் மறுபடி உடைந்துபோனார். தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார். அப்புறம் ஆலய வாசலை மிதிக்கவே இல்லை. நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். ஊழியக்காரர்கள் படிக்க வேண்டிய பக்கம் அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடிமைத்தனம் கொடுமை என்று 1785இலேயே கவிதையில் அச்சேற்றியவர் கூப்பர். நியூட்டன் தன் பாவத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டுச் சிறுநூல் எழுதியது 1788இல். கேப்டனாக அவர் கரை இறங்கி 34 வருடம் ஆன பிறகு. தனக்கு வெளிச்சமே இல்லை என்று அழுதவர் முதலில் பார்த்துவிட்டார். காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது என்று பரிசேயரிடம் கர்த்தர் சொன்னதை அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்று நினைத்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது.

போதகர் வீட்டின் மேல்மாடி அறையில், கணப்புக்கு மேலே, நியூட்டன் இரண்டு வசனங்களை எழுதி வைத்திருந்தார். நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய் என்ற ஏசாயா வசனம் ஒன்று. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்ற உபாகம வசனம் இன்னொன்று. பிரசங்கம் தயாரித்தபோதெல்லாம் இவை அவர் கண்ணெதிரே இருந்தன.

கல்லறை ஆலய வளாகத்திலேயே இருக்கிறது. 1807 டிசம்பர் 21இல் லண்டனில் இறந்தவரை, அங்கே அடக்கம் செய்திருந்த நிலவறையை 1893இல் காலி செய்தபோது, மனைவியோடு சேர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். கல்லில் பொறித்திருப்பது அவரே தனக்காக எழுதிவைத்த வாசகம்: ஒருகாலத்தில் அவிசுவாசி, துன்மார்க்கன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியக்காரன், இயேசு கிறிஸ்துவின் மிகுந்த இரக்கத்தால் காக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டு, தான் அழிக்க முயன்ற விசுவாசத்தையே பிரசங்கிக்க நியமிக்கப்பட்டவன். மெதுவாக வாசித்தேன். அடிமைகளுக்கு வேலைக்காரனாக இருந்தது இருக்கிறது. அடிமைகளை விற்றது இல்லை. 1788 நூலில் தயங்காமல் சொன்னவர்தான். பார்லிமென்ட் உறுப்பினர்களுக்கு அந்த நூல் போய்ச் சேர்ந்தது, விசாரணைக் குழு முன் சாட்சியும் சொன்னார். கல்லில் மட்டும் அது விடுபட்டுவிட்டது. எனக்கு அது உறுத்துகிறது.

நேரம் இருப்பவர்கள் லண்டன் திரும்பியதும் பேங்க் ஸ்டேஷனில் இறங்கி, அதன் மேலேயே நிற்கும் செயின்ட் மேரி உல்நாத் ஆலயத்தையும் பாருங்கள். ஓல்னிக்குப் பிறகு கடைசிவரை அவர் ஊழியம் செய்த இடம். பின்னாளில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய பார்லிமென்ட் உறுப்பினர் வில்பர்போர்ஸ், 1785இல் அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு ரகசியமாக அவரைத் தேடி வந்தார். பார்லிமென்ட்டிலேயே இருந்து கர்த்தருக்கு ஊழியம் செய் என்று தைரியம் சொல்லி அனுப்பினார் நியூட்டன். அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியபோது, கண் பார்வை ஏறக்குறைய போன நிலையில் அவர் உயிரோடு இருந்தார்.

லண்டனில் அவரிடம் ஆலோசனை கேட்க வந்த இளைஞர்களில் டேனியல் வில்சன் என்பவரும் ஒருவர். பின்னாளில் கல்கத்தா பேராயர். தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகள் அப்போது அந்தப் பேராயத்தின் கீழ்தான் இருந்தன. அங்கே ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை, திருவிருந்திலும் முன்பின். 1833இல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதியை உடனே, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும். ஏராளமானவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். 1835இல் அவரே தஞ்சாவூருக்கு வந்து பேசிப் பார்த்தார்.

கிட்டத்தட்ட 200 வருடம் ஆகப்போகிறது. இன்றும் நம் பத்திரிகைகளில் 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை' என்ற வரிக்கு முன்னாலேயே சாதிப் பெயர் நிற்கிறது. கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் இருக்கின்றன. சபைத் தேர்தலில் யார் எந்தப் பக்கம் என்பதைப் பெயரைக் கேட்டதும் சொல்லிவிடலாம். ஞாயிறு தவறாமல் குருடனாயிருந்தேன் என்று பாடுகிறவர்கள்தான் நாம். அந்த இரட்சிப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன், என்னை மீட்டவரே அவர்களையும் மீட்டார். கர்த்தர் இன்னொரு முறை கைவைக்க வருகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ச் சபையில் கல்லறைத் தோட்டத்துக்குப் புதிதாக நிலம் வாங்கும் பேச்சு நடக்கிறது. உள்ளே எந்தப் பிரிவும் இல்லாமல், இறந்த தேதி வரிசையில்தான் அடக்கம் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும் எனக் கமிட்டிக்கு மனு கொடுக்கப் போகிறேன். போதகர் ஐயாவிடம் லண்டனிலிருந்தே போனில் பேசினேன். எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். கையெழுத்துப் போடச் சில குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன. ஜெபித்துக்கொள்ளுங்கள்.